பட்ட வேம்பும் மூடிய கிணறும்

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார். ஆளை அடையாளம் காட்டும் ஓரிரு விவரங்களை நானும் மாற்றிவிட்டேன்.

அவர் வீட்டுக் கொல்லையில் மாமனார் நட்ட வேப்பமரம் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் சிமென்ட் தளம் போட்ட பிறகு மெல்ல மெல்லப் பட்டுப்போய், இரண்டு வருடமாக ஒரு துளிர்கூட இல்லை. பட்டை உரிந்து விழுகிறது. இந்த மழைக்குப் பிறகு அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளான் அடுக்கியிருக்கிறது. ஓரிடத்தில் நுரை மாதிரி ஏதோ வடிந்து, புளித்த வாடை வீசுகிறது. ஏழு வயதுப் பையனுக்கு மூன்று வயதிலிருந்தே வீசிங். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து நான்கு தடவை ராத்திரியில் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடி ‘கேஸ்’ (நெபுலைசர்) வைத்து வந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினாராம்: செத்த மரம் மக்கும்போது கார்பன் மோனாக்சைடும் மீத்தேனும் விடும், தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும் என்று. அன்றிலிருந்து கொல்லைப்பக்க ஜன்னலை அடைத்து, இடுக்கில் பழைய துணியைச் செருகிவிட்டார் வாசகி.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. மாமியாருக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. ‘வேம்பு பட்டாலும் அம்மன்தான், அதன் காற்று மருந்து, கை வைக்காதே’ என்கிறார். கொழுந்தனார் போகியன்று மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிடலாம் என்கிறார். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. ‘டாக்டரைக் கேள்’ என்று சொல்லிவிட்டு வண்டி எடுத்துப் போய்விட்டார். கடிதத்தின் கடைசியில் ஒரு வரி. புயலில் ஒடிந்த கிளைகளையும் சருகையும் பழைய கிணற்றில் போட்டுக் கடப்பாக் கல்லால் மூடி வைத்திருக்கிறார்களாம். பொங்கலுக்குள் கொழுந்தனாரும் அவர் நண்பரும் இறங்கிச் சுத்தம் செய்யப்போகிறார்களாம்.

அம்மா, அந்தக் கடைசி வரிக்குத்தான் என் முதல் பதில். யாரையும் அந்தக் கிணற்றில் இறங்க விடாதீர்கள். ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் கொழுந்தனாருக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்துவிடுங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பேசிவிட்டீர்களா? சரி.

மரத்திலிருந்து விஷவாயு வருமா என்று கேட்பது முட்டாள்தனமாக இருக்கிறதோ என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. தியாகராய நகரில் ‘கேஸ்’ என்றால் சிலிண்டர், இல்லாவிட்டால் வயிற்று உப்புசம். நம் வட சென்னைப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு எடை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, கண் எரிச்சலும் மூச்சடைப்புமாக ஜனங்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார்கள். மேற்கே மணலி ஆலைகள். தென்மேற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. இதற்கு நடுவில் இருபது வருடமாக நெஞ்சுச் சளி பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘டாக்டர், ராத்திரி ஒரு வாடை வந்தது’ என்று யாராவது சொல்லாத வாரம் கிடையாது. இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் செத்த மரத்தைப் பார்த்துப் பயப்படுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இந்தத் தடவை பயம் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மரம் உண்மையில் என்ன விடுகிறது

மரம் செத்ததுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேம்பில் நுனி கருகுகிற நோய் ஒன்று உண்டு. மரமே தீய்ந்துபோன மாதிரி நின்றுவிட்டு அப்புறம் தளிர்க்கும். சிறு கிளையில் நகத்தால் சுரண்டினால் பட்டைக்குக் கீழே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்காது. இரண்டு வருடம், உரிந்த பட்டை, அடியில் காளான் எல்லாம் சேர்ந்தால் மரம் போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

மரக்கட்டையின் உலர்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். உயிரோடு இருந்த காலத்தில் இலை வழியாகக் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்தது. மரம் செத்ததும் பூஞ்சைகளும் கரையானும் வண்டும் பாக்டீரியாவும் அதைச் சாப்பிட ஆரம்பிக்கின்றன. சாப்பிட்டுவிட்டு நாம் விடுகிற மாதிரியே கார்பன் டையாக்சைடு விடுகின்றன. கொல்லைக்குப் போய் அடிமரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துப் பாருங்கள். வெளுத்து நார்நாராகப் பிரிந்து வந்தால், கட்டைக்கு உறுதி தரும் லிக்னினையும் சேர்த்துத் தின்னும் பூஞ்சை உள்ளே இருக்கிறது. பழுப்பாகிக் கட்டம்கட்டமாக வெடித்து, விரலில் தேய்த்தால் பொடியானால், லிக்னினை விட்டுவிட்டு மற்றதைத் தின்னும் வகை. வெளியே தட்டு மாதிரித் தெரியும் காளான் அந்தப் பூஞ்சையின் காய் மட்டும்தான். செடி உள்ளே நூல்நூலாக ஓடிக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு வாயு? கணக்குப் போட்டுவிடலாம். உங்கள் மரத்தின் உலர் எடை அரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கரிமம் 250 கிலோ. முழுவதும் கார்பன் டையாக்சைடாக மாறினால் 900 கிலோ சொச்சம். பத்து வருடத்தில் மக்கி முடிகிறது என்று கொண்டால் நாளுக்குக் கால் கிலோ. ஒரு ஆள் ஒரு நாளில் மூச்சில் விடும் கார்பன் டையாக்சைடு ஏறத்தாழ ஒரு கிலோ. உங்கள் வீட்டில் ஐந்து பேர். அதாவது வெட்டவெளியில் நிற்கும் அந்த மரம், நீங்கள் ஐந்து பேரும் நான்கு சுவருக்குள் விடுவதில் இருபதில் ஒரு பங்குதான் விடுகிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் கூடும், வெயிலில் காய்ந்து கிடந்தால் குறையும். கடல்காற்று ஒரு வீச்சு வீசினால் அதுவும் போயிற்று.

மீத்தேன் பற்றி அந்த வீடியோ சொன்னது பொய் இல்லை. ஈரம் ஊறி, காற்றுப் புகாத நடுக்கட்டையில் அதை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும். 1907இலேயே அமெரிக்காவின் கான்சாஸில் புஷாங் என்ற வேதியியலாளர், மரத்துக்குள்ளிருந்து வந்த வாயு தீப்பிடித்து எரிகிற வாயு என்று எழுதிவைத்திருக்கிறார். அது உயிருள்ள மரம் என்பதைக் கவனியுங்கள். உங்கள் மரத்தடியில் வடியும் நுரையும் இப்படி ஈரக்கட்டைக்குள் நடக்கும் புளிப்புதான், மாவு புளித்துப் பொங்குகிற மாதிரி. மீத்தேன் காற்றைவிட லேசு. திறந்த இடத்தில் மேலே போய்க் கலைந்துவிடும். மூச்சுக்கு அது விஷமும் இல்லை. பூமியின் சூட்டைக் கூட்டும் என்பது வேறு விஷயம். அதை ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் கடல்நீர் ஏறிச் செத்த காடுகளில் நிற்கும் பட்ட மரங்களை அளந்து 2021இல் வெளியிட்டார்கள். அந்த நிலம் விடும் பசுமைக்குடில் வாயுக்களை, நிற்கும் மரங்கள் கால் பங்கு கூட்டுகின்றன. ஆனாலும் மரத்தைவிட அடியிலுள்ள மண் விடுவது ஏறக்குறைய நான்கு மடங்கு. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு, உலகக் காடுகளில் மக்கும் மரக்கட்டையிலிருந்து ஆண்டுக்கு சுமார் 1,090 கோடி டன் கரிமம் வெளியாவதாகக் கணக்கிட்டது. அதில் 93 சதவீதம் நம்முடையது போன்ற வெப்பமண்டலக் காடுகளில். பெரிய எண்தான். காடு வளரும்போது இழுத்ததைத்தான் அது திருப்பித் தருகிறது, யாரும் அதனால் மயங்கி விழுவதில்லை.

வாடை? மழைக்குப் பிறகு வரும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மினைக் காற்றில் லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். காளான் வாசனையும் புளித்த வாடையும் அந்த மாதிரிதான், மூக்குக்குப் பெரிதாகத் தெரியும், நெஞ்சுக்கு ஒன்றும் செய்யாது. இங்கே ஒரு தப்பான நினைப்பைத் திருத்த வேண்டும். ‘வாடை வந்தால் விஷம், வராவிட்டால் பயமில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கார்பன் டையாக்சைடுக்கும் கிடையாது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதே, பக்கிங்காம் கால்வாய் ஓரம் நடந்தவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது, அதுவும் அளவு ஏறியதும் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரம்தான் மோசமான நேரம்.

கார்பன் மோனாக்சைடு கதை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். மரச்சில்லும் மரத்தூளில் அழுத்திச் செய்த எரிபொருள் உருண்டைகளும் ஏற்றிய கப்பல்களின் மூடிய சரக்கு அறையில் அந்த வாயு சேர்ந்து, ஆக்சிஜனும் குறைந்துபோகும். 2006இல் ஸ்வீடனின் ஹெல்சிங்பொரி துறைமுகத்தில் அப்படிப்பட்ட கப்பல் ஒன்றில் இறங்கிய ஆள் இறந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்த பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், கட்டை ஏற்றி வந்த கப்பலின் அறையைத் திறந்து வைத்து நேரம் விடாமல் இறங்கமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் காட்டியது முழுப் பொய் இல்லை என்பது இதனால்தான். மூடிய கப்பல் அறைக்குப் பொருந்துவதைத் திறந்த கொல்லைக்குச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் கப்பல் அறை மாதிரி ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது.

கிணறு

நீங்கள் சொன்னதை வைத்து அந்தக் கிணற்றை மனசில் பார்க்கிறேன். மெட்ரோ வாட்டர் வந்த பிறகு இறைக்காத கிணறு. அடியில் கொஞ்சம் தண்ணீர். அதில் ஊறிக்கொண்டு வேப்பங்கிளை, சருகு. மேலே கடப்பாக் கல். இலையும் கட்டையும் மக்கும்போது முதலில் உள்ளே இருக்கிற ஆக்சிஜனைக் குடிக்கும். அது தீர்ந்ததும் காற்றில்லாமல் மக்குவது தொடங்கும். மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு. கார்பன் டையாக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கிண்ணத்தில் ஊற்றிய மாதிரி அடியில் தங்கிவிடும். கொல்லையில் மரமாக நிற்கிற அதே வேம்புதான் இது. அங்கே காற்று அள்ளிக்கொண்டு போகிறது, இங்கே போக வழியில்லை.

நல்ல காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே இறங்கக்கூடாத இடம் என்று வேலைப் பாதுகாப்புக்காரர்கள் கோடு போட்டிருக்கிறார்கள். 10க்குக் கீழே ஆள் நினைவிழப்பார். இன்னும் குறைந்தால் இரண்டு மூச்சு போதும். மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராது, கால் மடங்கும், அவ்வளவுதான். அப்புறம் நடப்பது எப்போதும் ஒரே மாதிரி. மேலே நிற்கிறவர் ‘டேய், என்ன ஆச்சு’ என்று கத்திவிட்டு இறங்குவார். அவரும் விழுவார். கிணறு, கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் செய்தித்தாளில் ‘காப்பாற்றப் போனவரும்’ என்ற சொல்லை எத்தனை தடவை படித்திருக்கிறோம்.

விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்போம், அணையாவிட்டால் இறங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. ஆக்சிஜன் 16, 17 சதவீதத்துக்கு வந்தால் விளக்கு அணையும். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதை விளக்கு சொல்லாது. மீத்தேன் சேர்ந்திருந்தால் விளக்கே தீ வைத்துவிடும். கல்லை ஒரு நாள் திறந்து வைத்தால் போதும் என்பதும் நம்பகமில்லை. கனமான வாயு தானாக ஏறி வராது, தண்ணீரைக் கலக்கியதும் அடங்கியிருந்தது புதிதாகவும் கிளம்பும். பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள் இறக்கித் தண்ணீர் எடுக்கிற யோசனை இருந்தால் அது எல்லாவற்றிலும் மோசம். அந்தப் புகைதான் நிஜமான கார்பன் மோனாக்சைடு.

வழி இருக்கிறது. கயிற்றில் கட்டிய பாதாளக் கரண்டியை எந்தப் பழைய வீட்டிலாவது பரணில் தேடினால் கிடைக்கும். கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்க இருந்ததே, பத்துக் கொக்கி வைத்தது, அதுதான். மேலே நின்றபடியே அதைப் போட்டுக் கிளைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிடலாம். மிச்சத்துக்கு, வாயு அளக்கும் கருவியும் காற்று ஊதும் விசிறியும் இடுப்புப் பட்டையும் வைத்திருக்கிற ஆட்களை மட்டும் கூப்பிடுங்கள். ‘நாங்கள் நூறு கிணறு இறங்கியிருக்கிறோம்’ என்பவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எப்போதாவது யாராவது உள்ளே விழுந்துவிட்டால் யாரும் இறங்காமல் 101க்கும் 108க்கும் கூப்பிட வேண்டும். நிற்பது கஷ்டம்தான், ஆனால் நின்றே ஆக வேண்டும். கல்லை நகர்த்தினால் உடனே கம்பிவலை போடுங்கள், வீட்டில் குழந்தை இருக்கிறது.

போகித் தீ

கொழுந்தனாருக்கு இன்னொரு ஏமாற்றம். மரத்தை எரிப்பது, பத்து வருடத்தில் கொஞ்சம்கொஞ்சமாக வெளியேற வேண்டியதை ஒரே காலையில் உங்கள் பையன் மூக்குக்கு முன்னால் கொட்டுவது. அதுவும் வேறு ரூபத்தில். மக்கும்போது வருவது பெரும்பாலும் கார்பன் டையாக்சைடு. ஈரக்கட்டை புகைந்து எரியும்போது கார்பன் மோனாக்சைடு, நுண்துகள், பென்சீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வரும். எந்த வாயுவுக்குப் பயந்து மரத்தை எரிக்கச் சொல்கிறாரோ அதை அவரே தயாரிக்கப் போகிறார். உள்ளே உளுத்த அடிமரம் அணைந்த மாதிரித் தெரிந்து இரண்டு மூன்று நாள் கனன்றுகொண்டே இருக்கும். மார்கழிக் காலையில் காற்றும் அசையாது, குளிர்ந்த காற்று மூடி போட்ட மாதிரிக் கிடக்கும், புகை எழும்பவே எழும்பாது. 2018 போகியன்று மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்பின. ஒவ்வொரு வருடமும் போகிக்கு மறுநாள் பொங்கல் சாப்பிடாமல் நான் கிளினிக்கில் உட்கார்ந்திருப்பதால் என் குடும்பத்தாருக்கு வரும் கோபத்தையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

தெருவிலோ கொல்லையிலோ குப்பை எரிக்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. அதைச் சொல்லி வீட்டில் சண்டை போட வேண்டாம், பையனைக் காரணம் சொல்லுங்கள்.

ஜன்னல்

மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். ஜன்னல் அடைத்த பிறகு அறையில் கொசு தாங்கவில்லை, அதனால் கட்டிலுக்கு அடியில் கொசுவத்தி ராத்திரி முழுக்க எரிகிறது என்று. வெள்ளி, செவ்வாயில் சாம்பிராணி. மாமியார் சாயங்காலம் சட்டியில் வேப்பிலையும் போட்டுப் புகை காட்டுகிறார்.

நான்கு ராத்திரி ஓட்டத்துக்குக் காரணம் என்று என்னை ஒன்றைச் சொல்லச் சொன்னால் மரத்தை நான் கடைசியில்தான் சொல்வேன். ஒரு கொசுவத்திச் சுருள் எரிந்து முடியும்போது விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அடைத்த அறை, கட்டிலுக்கடியில் சுருள், மேலே இளைப்புக்காரப் பையன். வேப்பிலைப் புகை இயற்கைதானே என்பீர்கள். நுரையீரலுக்கு அது வேப்பிலை என்று தெரியாது, புகை என்று மட்டும் தெரியும். கொசுவலை வாங்கிக் கட்டுங்கள், ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

மரத்துக்கும் நான் முழு நற்சான்று கொடுக்கவில்லை. அதன் வாயுவைவிட அதன் தூள்தான் சங்கதி. மரக்காளான் வித்துகளைக் கண்ணுக்குத் தெரியாத மாவாகக் கொட்டும், மழைக்குப் பிறகு அதிகமாக. பூஞ்சை ஒவ்வாமை இருக்கும் குழந்தைக்கு அது இளைப்பைக் கிளப்பலாம். பையன் அதைக் குச்சியால் தட்டி விளையாடுவான் என்று எழுதியிருந்தீர்கள், அதை நிறுத்துங்கள். குளியலறைச் சுவரில் கறுப்பாகப் பூசணம் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தினமும் முகர்வது அதைத்தான். மாமியாருக்குக் ‘கரும்பூஞ்சை’ வந்துவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். 2021இல் நாம் பார்த்தது வேறு வகைப் பூஞ்சை, இந்தத் தட்டுக்காளான் இல்லை. ஆனால் அதுவும் மக்கும் பொருளில் வாழ்வதுதான், சர்க்கரை கட்டுக்கடங்காதவர்களைத்தான் அது தேடிப் பிடித்தது. அவர் உளுத்த கட்டையைக் கிளறாமல் இருப்பது நல்லது. மூன்று மாத சராசரிச் சர்க்கரையைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள்.

பையனுக்கு வருவோம். மூன்று மாதத்தில் நான்கு தடவை நெபுலைசர் என்றால் அவனுடைய ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. ‘பம்ப் பழகிவிடும்’ என்று பயந்து இன்ஹேலரை நிறுத்தியிருக்கிறீர்கள். பழகாது. வாய்வழியே மாத்திரை, சிரப்பாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு குறைந்த மருந்து, நேரே போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசர் குழாய் வைத்துக் கொடுங்கள். இளைப்பு வந்ததும் அடிப்பது ஒன்று, வராமல் தடுக்கத் தினமும் அடிப்பது இன்னொன்று. முதலாவது வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் இரண்டாவதை ஆரம்பித்தாக வேண்டும். உங்கள் குழந்தை மருத்துவரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள். ஏழு வயதில் ஊதிப் பார்க்கும் சோதனையும் செய்யலாம். விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே இழுத்தால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், அங்கே இங்கே போகாமல் 108.

ஒரு பழைய நோட்டில் ஒரு மாதம் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு இருமல், அப்போது காற்று எந்தப் பக்கம், என்ன வாடை, வீட்டில் என்ன எரிந்தது. விடியற்காலையில் தரைக்காற்று மேற்கிலிருந்து வரும், மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பும். இருமல் விடியலில் மட்டும் கூடினால் ஒரு கதை, சாம்பிராணி போட்ட ராத்திரியில் கூடினால் வேறு கதை. மருத்துவர் முன்னால் அந்த நோட்டை வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

மரத்தை என்ன செய்வது

வாயுவுக்காக வெட்ட வேண்டியதில்லை. விழும் என்பதற்காக வெட்ட வேண்டியிருக்கும். அடியில் காளான் என்றால் வேர்ப்பக்கம் இற்றிருக்கலாம். சாய்வு, வெடிப்பு, தட்டினால் பொத்தென்ற சத்தம் ஏதாவது இருந்தால் காற்றே இல்லாத நாளிலும் கிளை விழும். பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் விழுந்தால், ஆபத்து தெரிந்தே விட்டுவைத்தீர்கள் என்று அவர்கள் நஷ்டம் கேட்கலாம்; நான் வக்கீல் இல்லை, ஆனால் இது பொதுவான சட்டம். மரம் உங்கள் மனைக்குள்தான் இருக்கிறதா, தெரு ஓரத்தில் மாநகராட்சி இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பொது இடம் என்றால் நீங்களாக வெட்டக்கூடாது. மாநகராட்சியின் 1913 என்ற போன் எண்ணில் புகார் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். சொந்த மனை என்றாலும் முதல் மண்டல அலுவலகத்தில் மனு எழுதிக் கொடுத்து, பட்ட மரம் என்று காட்டும் போட்டோவோடு பதில் வாங்கி வைத்துக்கொள்வது பிற்பாடு வம்பைத் தவிர்க்கும். மின்கம்பி பக்கத்தில் போனால் சப்ளை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். பட்ட மரத்தில் ஏறுவது பச்சை மரத்தில் ஏறுகிற மாதிரி இல்லை என்பது மரம் வெட்டுகிறவருக்குத் தெரியும். தெரியாதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெட்டுகிற அன்று பையனும் மாமியாரும் வேறு வீட்டில் இருக்கட்டும். கட்டையைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு அறுத்தால் தூள் பறக்காது. அறுத்த துண்டுகளைப் படிக்கட்டுக்கு அடியில், மூடிய அறையில் அடுக்காதீர்கள். மறுபடியும் கிணற்றிலும் போடாதீர்கள்.

மாமியாரிடம் ‘மரம் விஷம்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம், அது பொய், அவருக்கும் தெரியும். சுந்தரர் கோயிலுக்குள் சத்தியம் செய்யலாம் என்று தந்திரம் செய்தபோது, சங்கிலி நாச்சியார் மகிழ மரத்தடியில்தான் செய்ய வேண்டும் என்று பிடித்துக்கொண்ட ஊர் உங்களுடையது. அங்கே மரத்துக்கு மரியாதை உண்டு, அதில் நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆடியில் மஞ்சள் துணி கட்டுவார் என்று எழுதியிருந்தீர்கள். அடி உறுதியாக இருந்தால் இடுப்பளவு விட்டு மேலே மட்டும் வெட்டலாம். அவர் பாட்டுக்குத் துணி கட்டட்டும், குங்குமம் வைக்கட்டும். அந்தக் கட்டை மக்கிக்கொண்டே இருக்கும், அது விடுகிற கொஞ்சநஞ்ச வாயுவால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. சிமென்ட் தளத்தை மட்டும் நான்கடி சதுரத்துக்கு உடைத்து மண்ணைத் திறந்துவிட்டு, பக்கத்தில் ஒரு கன்று வைக்கச் சொல்லுங்கள். பழைய மரம் பட்டதற்கு அந்தத் தளமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கிணற்று விஷயத்தில் கொழுந்தனார் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கேட்கவில்லையென்றால் என் கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது.